லோகோவை மாற்றும் முன்: சிறுதொழில் பிராண்டில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் முறையும்

விற்பனை மந்தமானால் பலர் முதலில் கைவைப்பது லோகோவில்தான். புது டிசைன், புது நிறம், புது பாக்கெட் என்று பணம் போகும். கொஞ்ச நாளில் பழைய புகாரே திரும்பி வரும். ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் படத்தில் இருப்பதில்லை. பெயரில் இருக்கலாம், அச்சகத்துக்குக் கொடுத்த ஃபைலில் இருக்கலாம், லேபிள் ஒட்டிய பசையில்கூட இருக்கலாம். அறிகுறியைப் பார்த்து, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த பிறகே எதையும் மாற்ற வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது, தமிழ்நாட்டில் பொடி வகை, செக்கெண்ணெய், பலகாரம் செய்து விற்கும் சிறுதொழில். சோப்பு, ஊதுபத்தி, துணி என்று வேறு பொருள் விற்பவர்களுக்கும் உணவு லேபிள் விதிகளைத் தவிர மற்றவை பொருந்தும்.

முதலில் ஒரு மேசை வேலை. கடை போர்டின் போட்டோ, பாக்கெட்டின் முன்பக்கமும் பின்பக்கமும், விசிட்டிங் கார்டு, பில், வாட்ஸ்அப் முகப்புப் படம், கியூ.ஆர். ஸ்கேன் செய்தால் வரும் பெயர், கூகுள் மேப்பில் இருக்கும் பெயர். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் இடத்தில் "ஸ்ரீ" இருக்கும், இன்னோர் இடத்தில் இருக்காது. ஓர் இடத்தில் "ட்ரேடர்ஸ்", மற்றோர் இடத்தில் "ஃபுட்ஸ்". முக்கால்வாசிக் கோளாறு இந்த மேசையிலேயே தெரிந்துவிடும். சரிசெய்யும் வரிசை: பெயர், ஃபைல், நிறம், அச்சு, கடைசியாக போர்டு. மேலே இருப்பது தீராமல் கீழே இருப்பதில் செலவு செய்தால் அதே செலவு இரண்டாவது முறையும் வரும்.

"அண்ணாச்சி, அந்த மஞ்சள் பாக்கெட் குடுங்க" என்கிறார்கள், பெயரைச் சொல்வதில்லை

இதில் பாதி நல்ல செய்தி. நிறம் வேலை செய்கிறது, அதைத் தொடாதீர்கள். வேலை செய்யாதது பெயர். ஏன் என்று பார்க்க இரண்டு சோதனை போதும்.

ஒன்று, பொருளை அறியாத பத்துப் பேருக்கு பாக்கெட்டை ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, என்ன பெயர் என்று கேளுங்கள். நான்கு பேருக்கு மேல் தடுமாறினால் முன்பக்க அமைப்பில் பிழை. பெரும்பாலும் "சாம்பார் பொடி" என்பது பெரிதாகவும், "பாரம்பரிய முறையில் அரைத்தது" என்ற வாசகம் அடுத்த பெரிதாகவும், பிராண்டின் பெயர் மூலையில் சிறிதாகவும் இருக்கும். வரிசையை மாற்றுங்கள்: பிராண்டு பெயர் முதலில், பொருளின் பெயர் அடுத்து, மற்ற வாசகங்கள் எல்லாம் பின்பக்கம். வாசகம் குறையக் குறையப் பெயர் நிற்கும்.

இரண்டு, பெயரைப் போனில் சொல்லி ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ழ, ற, ஞ இருக்கும் பெயர்கள் ஆளுக்கொரு விதமாக வரும். மூன்று விதமாக வந்தால், உங்களை இணையத்தில் தேடுபவர்களும் அப்படித்தான் தேடுவார்கள். பெயரைக் கைவிட வேண்டியதில்லை. ஓர் எழுத்துக்கூட்டலை முடிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே போடுங்கள். அடுத்து அதிகம் வரும் எழுத்துக்கூட்டலிலும் இணைய முகவரியும் இன்ஸ்டாகிராம் கணக்கும் எடுத்து உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

இரண்டு சோதனையிலும் தேறியும் பெயர் நிற்கவில்லை என்றால் பெயரே பொதுப்பெயர். இயற்கை, பாரம்பரியம், பாட்டி, கிராமத்து, நாட்டு, மரச்செக்கு ஆகிய சொற்களால் கட்டிய பெயர்கள் ஒரே அலமாரியில் நாலைந்து இருக்கும். உங்கள் பாக்கெட் காலியானால் அடுத்த "கிராமத்து" பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போவார்கள், மாற்றி வாங்கினோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. பொருளோடு நேரடித் தொடர்பில்லாத சொல்லே அதிகம் நிற்கும். மிளகாய்த்தூளுக்குக் கிளிஞ்சல் என்று பெயர் வைத்தால் முதலில் விசித்திரமாகத் தெரியும். ஆனால் அதை வேறு யாரோடும் குழப்ப முடியாது, சட்டப் பாதுகாப்பும் எளிதாகக் கிடைக்கும்.

சாமி பெயர் வைப்பது நம் ஊர் வழக்கம், தவறில்லை. ஆனால் அதைத் தனி உரிமையாக்கிக்கொள்ள முடியும் என்று நம்ப வேண்டாம். ஊதுபத்திக்கு "ராமாயண்" என்ற பெயரைப் பதிவு செய்ய முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்பதே காரணம். சாமி பெயரோடு தனித்த ஒரு சொல்லைச் சேர்த்து, அந்தச் சொல்லுக்கே எழுத்தளவில் முதலிடம் கொடுங்கள்.

ஊர்ப் பெயரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பழனி பஞ்சாமிர்தம் (2019), கோவில்பட்டி கடலைமிட்டாய் (2020), மணப்பாறை முறுக்கு (2023) போன்றவை புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கே உரிய பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு பெற்றவை. வேறு ஊரில் செய்துவிட்டு இந்தப் பெயரைப் போடக்கூடாது. அந்தந்த ஊரில் செய்பவர்களும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்வது நல்லது. அப்படிச் செய்தாலும் அது ஊருக்கே பொதுவான பெயர்தான்; பிராண்டுக்கு வேறு பெயர் வேண்டும்.

டிரேட்மார்க் விண்ணப்பத்துக்கு ஆட்சேபணை வந்திருக்கிறது

பதறாதீர்கள். டிரேட்மார்க் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 9ஆம் பிரிவு என்றால், பெயர் பொருளின் தன்மையை மட்டும் விவரிக்கிறது என்று சொல்கிறார்கள். 11ஆம் பிரிவு என்றால், ஏற்கெனவே இருக்கும் வேறு பெயரைப் போல இருக்கிறது என்கிறார்கள். இரண்டுக்கும் தேர்வு அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நாள் தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

9ஆம் பிரிவுக்குப் பதில், நீண்டகாலப் பயன்பாட்டுச் சான்று: பழைய பில்கள், விளம்பரம், தேதியோடு உள்ள போட்டோக்கள். அதனால்தான் முதல் பில்லையும் முதல் பாக்கெட்டையும் பத்திரமாக வைக்க வேண்டும். 11ஆம் பிரிவுக்கு, எதிர்ப்பெயர் எந்தப் பொருளுக்கு, எந்த வகுப்பில் (பதிவுக்காகப் பொருள்களைப் பிரித்திருக்கும் எண்) இருக்கிறது என்று பார்த்து வேறுபாட்டைக் காட்ட வேண்டும். பெயரும் ஒன்று, பொருளும் ஒன்று என்றால் வழக்காடுவதைவிட, பாக்கெட் அதிகம் அச்சாகும் முன்பே பெயரை மாற்றுவது மலிவு.

இந்த இடத்துக்கு வராமலிருக்க முன்கூட்டியே தேடிவிடுங்கள். இந்திய அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. ஒலிப்பு ஒற்றுமைத் தேடலையும் பயன்படுத்துங்கள். எண்ணெய், ஊறுகாய் 29ஆம் வகுப்பு, மசாலா, மாவு, பலகாரம் 30, கடை நடத்துவது 35, உணவகம் 43. நான்கிலும் பாருங்கள்.

விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு, இணையவழியில், தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ரூ.4,500, மற்றவர்களுக்கு ரூ.9,000. சிறுதொழில் சலுகைக்கு உத்யம் எனும் சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் வேண்டும், அந்தப் பதிவு இலவசம். கையில் ஒரு விண்ணப்பத்துக்குத்தான் பணம் என்றால் படத்துக்குப் போடாதீர்கள், பெயருக்குப் போடுங்கள். லோகோ நாளை மாறலாம். லோகோவையும் பதிவு செய்வதானால் கருப்பு வெள்ளையில் கொடுங்கள். நிறத்தைக் குறிப்பிடாத பதிவு எல்லா நிறத்துக்கும் பொருந்தும். தமிழ் எழுத்தில் உள்ள பெயருக்கு ஒலிபெயர்ப்பும் பொருளும் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். ஏற்கப்பட்டால் டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியாகும். 4 மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் சான்றிதழ், 10 ஆண்டுக்கு.

விண்ணப்பித்த நாளிலிருந்தே, ஏன் அதற்கு முன்பும்கூட, டி.எம். குறி போடலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்து சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான். முன்பே போடுவது சட்டப்படி தவறு. அச்சகத்தார் அழகுக்காகச் சேர்த்துவிடுகிறார்கள், ப்ரூஃபில், அதாவது மாதிரி அச்சில் பார்த்து எடுத்துவிடுங்கள்.

லோகோ போனில் நன்றாக இருக்கிறது. அச்சில் மங்கல், சின்ன அளவில் குழம்பல்

மங்கலுக்கும் குழம்பலுக்கும் காரணம் வேறு வேறு.

மங்கல் என்றால் ஃபைல் பிரச்சினை. வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்த லோகோவையே அச்சகத்துக்கும் போட்டோவாக அனுப்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் அது சுருங்கும். போனில் இருப்பதைப் பெரிதாக்கி மீட்க முடியாது. வெக்டார் ஃபைல் வேண்டும், அதாவது புள்ளிகளாக அல்லாமல் கோடுகளாகச் சேமித்த, எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத ஃபைல். கோரல் ட்ரா, இல்லஸ்ட்ரேட்டர், எஸ்.வி.ஜி., வெக்டார் பி.டி.எஃப். எதுவானாலும் சரி. சோதிக்க, பி.டி.எஃப்.ஐத் திறந்து பல மடங்கு பெரிதாக்குங்கள். ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்தால் வெக்டார். படிக்கட்டு போலச் சதுரம் தெரிந்தால் போட்டோவைத்தான் பி.டி.எஃப்.க்குள் ஒட்டியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் "டாக்குமெண்ட்" என்று அனுப்புங்கள்.

குழம்பல் என்றால் வரைபடத்தில் சரக்கு அதிகம். செக்கு, மாடு, நிலக்கடலை, சூரியன், வயல், கீழே வளைந்த எழுத்து என்று எல்லாம் உள்ள லோகோ போர்டில் பெருமையாக இருக்கும். 2 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கறை. புதிதாக வரையாமல் அதிலிருந்தே ஒரு சிறு வடிவம் எடுக்கலாம். ஒரே ஓர் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். கோட்டின் தடிமன் அச்சில் 0.5 பாயிண்டுக்குக் குறையக் கூடாது. பெயரை வளைக்காமல் நேராக வைக்கவும். பெரிய வடிவம் போர்டுக்கும் அட்டைப்பெட்டிக்கும், சிறிய வடிவம் மூடி, பில், வாட்ஸ்அப் முகப்புக்கும். வாட்ஸ்அப் வட்டமாக வெட்டும் என்பதால் 640க்கு 640 பிக்சல் சதுரத்தில், வட்டத்தின் ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி வையுங்கள்.

டிசைனரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, மூல ஃபைல் இல்லை என்ற நிலை வந்தால், தெளிவான ஒரு பிரதியிலிருந்து கையால் மறுபடி வரையச் சொல்லுங்கள். தானாக டிரேஸ் செய்யும் வசதி தமிழ் எழுத்தின் வளைவுகளைக் கெடுத்துவிடும். அடுத்த முறை பணம் கொடுக்கும்போதே எழுத்தில் உரிமை ஒப்படைப்பு வாங்குங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்படைப்பில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். "நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும்" என்று ஒரு வரி இருந்தால் போதும். கேன்வா போன்ற செயலியில் உள்ள தயார்ப் படத்தை எடுத்து லோகோ செய்திருந்தால் அந்தப் படம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. அதே படம் இன்னொரு கடையிலும் தென்படும்.

தமிழ் எழுத்து உடைகிறது, கட்டமாகிறது, கொம்பு இடம் மாறுகிறது

மூன்று வித உடைப்பு உண்டு.

வேறு கம்ப்யூட்டரில் திறந்ததும் ஆங்கிலக் குறிகளாக மாறினால், அது பாமினி, வானவில் போன்ற பழைய முறை எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் படிக்க முடியாது. எல்லாக் கருவியிலும் படிக்க முடிகிற யுனிகோடு முறைக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதே வாசகம் இணையதளத்துக்கும் வாட்ஸ்அப் கேட்டலாகுக்கும் வேண்டும்.

"கொ" என்பது துண்டு துண்டாகவோ புள்ளி வட்டத்தோடோ வந்தால், மென்பொருள் இந்திய மொழி அமைப்பில் இல்லை. இல்லஸ்ட்ரேட்டரில் விருப்பங்களில் இண்டிக் வசதியை இயக்கி, பத்தி அமைப்பில் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பிலும் இதே போன்ற அமைப்பு எழுத்து விருப்பங்களுக்குள் இருக்கிறது.

கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நின்றால், யாரோ எழுத்து இடைவெளியைக் கூட்டியிருக்கிறார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அழகாக இருக்கும் அந்த வேலை தமிழுக்கு ஆகாது. இடைவெளியைப் பூஜ்யமாக்குங்கள். வரி இடைவெளியை மட்டும் தாராளமாக, எழுத்தளவின் 130 முதல் 140 சதவீதம் வையுங்கள்; இல்லாவிட்டால் மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும்.

எழுத்துருவுக்குப் பணம் கொடுக்க முடியாதென்று திருட்டுப் பிரதி பயன்படுத்த வேண்டாம். கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கும் முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேடமரன், அனெக் தமிழ், பாலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் திறந்த உரிமத்தில் உள்ளவை, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். இவற்றில் பல அதே கையில் ஆங்கில எழுத்தையும் கொண்டவை. தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பமாகத் தெரியும். ஒரு பிராண்டுக்குப் பெயருக்கு ஒன்று, மற்ற வாசகத்துக்கு ஒன்று என இரண்டு போதும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் எல்லா எழுத்தையும் கர்வ் ஆக்குங்கள், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக்குங்கள். கர்வ் ஆக்கிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது, எனவே திருத்தக்கூடிய பிரதி ஒன்று தனியாக இருக்கட்டும். கடைசியாக வாய்விட்டு ஒரு முறை படியுங்கள். துணைக்காலுக்குப் பதில் ர, "எண்ணெய்" என்பதற்குப் பதில் "எண்ணை", "மசாலாப் பொடி"யில் விட்டுப்போன ஒற்று ஆகியவை பத்தாயிரம் பாக்கெட்டில் ஏறிய பிறகுதான் கண்ணில் படும்.

போர்டில் ஒரு சிவப்பு, பாக்கெட்டில் ஒரு சிவப்பு, கார்டில் ஒரு சிவப்பு

அதிகம் பேர் புகார் சொல்வதும், தவறான ஆளைத் திட்டுவதும் இதில்தான். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால். கிளிப்பச்சை, மின்னும் ஆரஞ்சு, நீலம் கலந்த ஊதா போன்றவை திரையில் ஜொலிக்கும். நான்கு மை கலந்து அந்த ஜொலிப்பைக் கொண்டுவரவே முடியாது. அச்சகத்தார் எவ்வளவு மெனக்கெட்டாலும் முடியாது.

ஆகவே நிறத்தை அச்சின் பக்கமிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அச்சகத்தில் இருக்கும் நிற அட்டையில் விரல் வைத்துக் காட்டி, எண்ணை எழுதி வாங்குங்கள். உதாரணமாக ஒரு மஞ்சள்தூள் நிறம்: சயான் 0, மெஜந்தா 25, மஞ்சள் 100, கருப்பு 0. ஒரு குங்குமச் சிவப்பு: சயான் 15, மெஜந்தா 100, மஞ்சள் 90, கருப்பு 10. திரைக்கு அதற்கு நெருக்கமான ஆறெழுத்துக் குறியீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யாரிடம் வேலை கொடுத்தாலும் "நல்ல சிவப்பு" என்று சொல்லாமல் இந்த எண்களைக் கொடுங்கள்.

எண் சரியாக இருந்தும் நிறம் மாறினால் தாளைப் பாருங்கள். ஆர்ட் பேப்பரில் பளிச்சென்று நிற்கும் மை, பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் உறிஞ்சப்பட்டு மங்கும். மேட் லேமினேஷன் நிறத்தை ஒரு படி தணிக்கும். பழுப்பு கிராஃப்ட் பவுச்சில் பிரச்சினை பெரியது. அச்சு மை கண்ணாடி போல ஒளியை ஊடுருவ விடும், அடியில் உள்ள பழுப்பு மேலே தெரியும். அந்த மஞ்சள்தூள் நிறம் கிராஃப்டில் சேற்று நிறமாக வரும், சிவப்பு செங்கல்லாகும். அடியில் வெள்ளை மை ஒரு படலம் அடித்தால்தான் நிறம் நிற்கும். ஒளிபுகும் பவுச்சுக்கும் இதே விதி. வெள்ளை மை வசதி இல்லாத அச்சகம் என்றால் கிராஃப்டில் கருப்பு ஒன்றை மட்டும் அச்சிட்டு, நிறத்தை ஒட்டும் ஸ்டிக்கருக்கு விட்டுவிடுங்கள். பார்க்கவும் அது நன்றாகவே இருக்கும்.

நிறம் சரி, ஆனால் சின்ன எழுத்து இரட்டையாகத் தெரிகிறது என்றால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எழுத்தின் ஓரத்தில் மெஜந்தா நிழல் ஒன்று ஒதுங்கி நிற்கும். கருப்பு எழுத்தை நான்கு நிறக் கலவையாக வைத்ததால், பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் அப்படி ஆகும். சேர்மானப் பட்டியல், முகவரி போன்ற சிறு எழுத்துக்கு கருப்பு 100 மட்டும், மற்ற மூன்றும் 0. இருண்ட பின்னணியில் வெள்ளைத் தமிழ் எழுத்து வைப்பதானால் 9 பாயிண்டுக்குக் குறையாமல், தடித்த வகையில் வையுங்கள்; ணை, ஞ போன்ற எழுத்தின் உட்குழிவுகளை மை அடைத்துவிடும்.

மாதாமாதம் அச்சிடும் அளவுக்குத் தொழில் வளர்ந்தால், ஒரே ஒரு முக்கிய நிறத்தை மட்டும் கலவையாக அல்லாமல் தயார் மையாக, அதாவது ஸ்பாட் கலராக வையுங்கள். ஒவ்வொரு தவணையிலும் நிறம் ஊசலாடுவது அதோடு நிற்கும்.

கிராவூர் முறையில், அதாவது செதுக்கிய சிலிண்டரால் அச்சிடும் பவுச்சுக்குப் போகும்போது நிறத்துக்கு ஒரு சிலிண்டர். ஏழு நிற டிசைனை மூன்றாகக் குறைக்க அங்கே நல்ல காரணம் இருக்கிறது. இன்னொன்று: முகவரி, போன் எண், உரிம எண் என்று நாளை மாறக்கூடிய எல்லாவற்றையும் கருப்பு நிறத்தில் மட்டும் வையுங்கள். மாறினால் ஒரு சிலிண்டரோடு செலவு முடிந்துவிடும். ரகங்களும் அளவும் நிலைக்கும் வரை வெற்றுப் பவுச்சில் ஸ்டிக்கர் ஒட்டுவதே புத்திசாலித்தனம்.

லேபிள் உரிகிறது, எண்ணெய் ஊறுகிறது, தேதி அழிகிறது

எண்ணெய் பாட்டிலுக்குக் காகித ஸ்டிக்கர் ஆகாது. ஒரு சொட்டு வழிந்தால் காகிதம் கண்ணாடி போலாகிப் பின்னால் இருக்கும் எண்ணெய் தெரியும். பி.பி. என்னும் பிளாஸ்டிக் ஸ்டிக்கரில் லேமினேஷன் போட்டு வாங்குங்கள். பாட்டிலில் எண்ணெய் நிரப்பும் முன்பே, உலர்ந்த துணியால் துடைத்து ஒட்டுங்கள். கூர்முனையில்தான் முதலில் கிளம்பும், ஆகவே மூலைகளை 3 மில்லிமீட்டர் வளைவாக டை வெட்டச் சொல்லுங்கள். தேதி, பேட்ச் எண் அச்சிடும் ரிப்பன் மெழுகு வகையாக இருந்தால் எண்ணெய் விரல் பட்டதும் போய்விடும். ரெசின் ரிப்பன் கேளுங்கள்.

வட்டப் பாட்டிலில் இன்னொரு பிழை: 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாட்டிலின் சுற்றளவு 25 சென்டிமீட்டர், எதிரே நிற்பவருக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான் தெளிவாகத் தெரியும். பெயர் 7 சென்டிமீட்டருக்குள் அடங்காவிட்டால் "...ழில் மரச்செக்..." என்று பாதி மட்டும் படிப்பார்கள். நீளப் பெயரை இரண்டு வரியாக்குங்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள்

முதலில் பார்கோடு. சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் கோடு இருந்தால் ஸ்கேனரின் சிவப்பு ஒளிக்கு அது வெள்ளையாகவே தெரியும். வெள்ளைப் பின்னணியில் கருப்புக் கோடு பாதுகாப்பானது. 13 இலக்கப் பார்கோடின் முழு அளவு 37.29க்கு 25.93 மில்லிமீட்டர், 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது, இரு பக்கமும் வெற்றிடம் விட வேண்டும். பவுச்சின் மடிப்பில் வைக்காதீர்கள்.

அடுத்து மொழி. லேபிள் முழுவதும் தமிழில் மட்டும் இருந்தால் உணவுப் பாதுகாப்பு விதிப்படி போதாது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். சேர்க்கவும் வேண்டும், வாங்குபவர் படிப்பது அதைத்தான். சைவ உணவுக் குறியான, பச்சைக் கோட்டுச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் பெயருக்கு அருகிலேயே இருக்க வேண்டும்: முன்பக்கப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் வரை வட்டத்தின் விட்டம் 3 மில்லிமீட்டர், சதுரத்தின் பக்கம் 6; 500 வரை 4, 8. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிகர எடை, எம்.ஆர்.பி., தேதிகள், புகார் சொல்லும் எண் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். எம்.ஆர்.பி.யைக் கூட்டி மேலே ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. குறைக்க மட்டும் ஒட்டலாம், பழைய விலையை மறைக்காமல்.

மூன்றாவதாக, பெயரே இடிக்கலாம். பியூர், நேச்சுரல், டிரெடிஷனல், ஒரிஜினல், ஃபிரெஷ் போன்ற சொல் பிராண்டு பெயரில் இருந்து, வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்குமானால், "இது பிராண்டு பெயர் மட்டுமே, பொருளின் தன்மையைக் குறிப்பதல்ல" என்ற அறிவிப்பை 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் போட வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு விளம்பர விதிகள் சொல்கின்றன. சுத்தம் என்று பெயரில் சொல்லிவிட்டு அடியில் இப்படி ஒரு வரி போடுவது எவ்வளவு கசப்பானது! பெயர் வைக்கும்போதே தவிர்த்துவிடலாம். ஆர்கானிக் என்ற சொல்லுக்கு உரிய சான்றிதழ் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

போர்டு இருக்கிறது, ஆனால் கடையைத் தாண்டிப் போய்விட்டு போன் செய்கிறார்கள்

போர்டைப் போட்டோ எடுத்துக் கருப்பு வெள்ளையாக்குங்கள். எழுத்து பின்னணியில் மறைந்தால் நிறச்சேர்க்கை தவறு; பச்சையில் சிவப்பு பெரும்பாலும் இதில் தோற்கும். எழுத்துயரம் 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம் என்பது அடிப்படைக் கணக்கு. 60 அடிச் சாலையின் எதிர்ப்பக்கத்துக்கு 6 அங்குலம், அதுவும் கொக்கியும் சுழியும் நீங்கலாக நடுவெழுத்தின் உயரம். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் கடக்கிறது. படிக்க மூன்று நான்கு விநாடிதான் கிடைக்கும். பெயரும் பொருளும் போதும், ஏழு போன் எண்ணும் சாமி படங்களும் வேண்டாம். தமிழ் மேலே, பெரிதாக, ஆங்கிலம் கீழே. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளும் இதையே கேட்கின்றன. கூகுள் மேப்பில் போர்டில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள். பெயரோடு "சிறந்த செக்கெண்ணெய்" என்றெல்லாம் சேர்த்தால் கணக்கு முடக்கப்படலாம்.

பணம் போடும்போது "இது யார் பெயர்?" என்று கேட்கிறார்கள்

கியூ.ஆர். சொந்த சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. கடை பெயரில் நடப்புக் கணக்கும், அந்தப் பெயர் காட்டும் வணிகர் கியூ.ஆர்.ம் வாங்குங்கள். ஜி.எஸ்.டி.யில் வணிகப் பெயர் வேறாக இருந்தால் திருத்த விண்ணப்பம் போடுங்கள். செலவு மிகக் குறைவு, ஆனால் முன்பின் தெரியாதவர் வெளியூரிலிருந்து பணம் அனுப்பத் தயங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

பாக்கெட்டை மாற்றியதும் "பழைய சரக்கு இல்லையா?" என்கிறார்கள்

பெயர், நிறம், படம், எழுத்து நான்கையும் ஒரே நாளில் மாற்றியிருப்பீர்கள். ஒரு தவணையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், நிறத்தைக் கடைசி வரை வைத்திருங்கள். பழைய பாக்கெட்டின் சிறு படத்தோடு "அதே பொடி, புதிய பாக்கெட்டில்" என்ற வரியைப் புதியதன் முன்பக்கத்தில் இரண்டு மூன்று தவணை அச்சிடுங்கள். பழையதும் புதியதும் ஒரே அலமாரியில் கலந்து நிற்கக் கூடாது. கடைக்காரரிடம் பழையதை முதலில் தீர்க்கச் சொல்லி, மீதி இருந்தால் எண்ணி மாற்றிக் கொடுங்கள். முக்கியமாக, அந்தக் கடைக்காரருக்கு நேரில் போய் ஒரு புதுப் பாக்கெட்டைக் கையில் கொடுத்துச் சொல்லிவிட்டு வாருங்கள். "ஆமாம்மா, அதே கம்பெனிதான், கவர் மட்டும் மாத்தியிருக்காங்க" என்று வாடிக்கையாளரிடம் சொல்லப்போவது அவர்தான்.